சுற்றுக்கு ஒரு பல்

1

இந்தக் கதை வேறொரு கதையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு சிறப்பிதழுக்காகத் தஞ்சை ஜில்லாவின் நிலப் போராட்ட காலத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். போனில் பேசிய ஆசிரியர் நல்ல மனிதர். "கொஞ்சம் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கட்டும் சார்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கொடி வேண்டும், போலீஸ் வேன் வேண்டும், முடிந்தால் ஒரு பிணம் வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். எழுந்தபோது என் கையில் இருந்தது ஒரு காலுறை.

காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத வருவதற்கு முன் நான் திருப்பூரில் வட்டப் பின்னல் யந்திரங்களுக்கு ஃபிட்டராக இருந்தவன். நல்ல ஃபிட்டர். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஊசி வரிசையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் அப்படித்தான் நின்றது. மண்ணெண்ணெய் ஸ்டவ்களுக்கும் உடைந்த தையல் மெஷின்களுக்கும் நடுவே, கையால் சுற்றுகிற காலுறை யந்திரம் ஒன்று கிடந்தது. பெரிய சொம்பு அளவுக்கு ஒரு சிலிண்டர், அதைச் சுற்றிச் செங்குத்தாகச் செருகிய ஊசிகள், ஒரு கைப்பிடி. இதுவரை ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் பக்கவாட்டில் இருந்தது. யாரோ அதில் ஒரு சைக்கிள் பிரீவீலை மாட்டியிருந்தார்கள்.

மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுகிறதே, அப்போது பின்சக்கரத்தில் டிக் டிக் என்று சத்தம் போடுமே, அந்தப் பல்சக்கரம். முன்னால் தள்ளினால் பிடிக்கும், பின்னால் தள்ளினால் சும்மா சுழலும். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு பல் நகர்ந்தது. பல் நகர்ந்ததும் அதோடு சேர்ந்திருந்த திருகாணி மயிரிழை இறங்கியது. கவிழ்ந்து கிடந்த ஒரு அண்டாவின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு பாய் செஞ்சது இத?"

"யாரோ ஒரு அம்மா பண்ணினதாம். யானைக்கால் பொம்பளைக்கு சாக்ஸ் போடறதுக்குன்னு எங்க அத்தா சொல்வாங்க. அத்தா அப்ப சைக்கிள் கடைதான் வச்சிருந்தாங்க. எடை போட்டுடவா?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் நான் கட்டியது. ஆனால் யந்திர விஷயத்தில் மட்டும் என்னைச் சந்தேகப்படாதீர்கள். அதை ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "செங்கொடிகள் காற்றில் படபடக்க—"

கொடி வேறு எதில் படபடக்கும்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மேட்டூரில் தண்ணீர் திறந்த அன்று, பச்சைப் பட்டு விரித்தாற்போல வயல்கள்—"

தண்ணீர் திறந்த அன்றைக்கே எப்படி ஐயா பச்சை வரும்? இன்னும் நாற்றே விடவில்லையே. இதை எழுதியவன் வயலை ரயிலிலிருந்து மட்டும் பார்த்தவன். அந்த ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கோபம்.

மூன்றாவது நின்றுவிட்டது:

காத்தாயி சேற்றில் இறங்க மாட்டாள் என்று மிராசுதார் தியாகேசன் மனுக் கொடுத்திருந்தார்.

3

அந்த ஒரு வரிக்குள் மொத்தக் கதையும் இருக்கிறது. விளக்குகிறேன்.

கழக ஆட்சி வந்து, குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் புதிதாக நடப்புக்கு வந்திருந்த நேரம். பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை. குத்தகைக்காரர் என்றால் தானோ தன் குடும்பத்தில் ஒருவரோ நிலத்தில் உடலுழைப்பைக் கொடுக்க வேண்டும். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சட்டம் இல்லை.

திருவிடைமருதூருக்குக் கிழக்கே மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, காத்தாயி குத்தகைக்குப் பயிரிட்டு வந்தாள். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. ஆகவே குடும்பம் என்றால் அவள்தான், உடல் என்றால் அவள் உடல்தான். அந்த உடலில் வலது கால் யானைக்கால். அந்தப் பக்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை, கொசு யாரையும் விட்டுவைத்ததில்லை. போன சம்பாவில் தோல் வெடித்துக் காய்ச்சல் வந்து, காத்தாயி வரப்பில் உட்கார்ந்தபடி அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்து நட்டாள். மிராசுதாரின் காரியக்காரர் துரைக்கண்ணு அதைப் பார்த்துவிட்டார். மனு பிறந்தது அங்கேதான்.

பதிவு அலுவலர் இந்தச் சம்பா நடவின்போது நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குக் காத்தாயி சேற்றில் இறங்கி நட்டால் நிலம் அவள் கையில் நிற்கும். கால் மடங்காவிட்டால் போய்விடும்.

(இந்த இடத்தில் ஆசிரியருக்கு ஒரு துப்பாக்கி பிடித்திருக்கும். மன்னிக்க வேண்டும். கணுக்கால்தான் இருக்கிறது.)

"காத்தாயி கண்ணீர் மல்க—" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். மேலே போகவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

4

ஆஸ்பத்திரியில் காலை இறுக்கமாகத் துணி சுற்றிக் கட்டச் சொன்னார்கள். கட்டினால் நீர் வடிந்தது, கால் கொஞ்சம் மடங்கியது. ஆனால் நாலு எட்டு நடந்தால் துணி அவிழ்ந்து கணுக்காலில் குவிந்தது. தையல்காரரிடம் கொடுத்துக் கெட்டித் துணியில் ஒரு உறை தைத்தாள். தையல் ஓடிய கோடு அந்தத் தோலில் அறுத்துப் புண்ணாக்கியது. காத்தாயிக்கு வேண்டியது இறுக்கமான, ஆனால் எங்கேயும் தையலே இல்லாத ஒரு உறை. அப்படி ஒன்று இருக்கிறது என்பது திருவிடைமருதூர் தெற்கு வீதியில் ஒரு வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த பள்ளிக்கூட சாக்ஸைப் பார்த்தபோது தெரிந்தது. குழாய் மாதிரி இருந்தது. கால் நீளத்துக்கும் தையலைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அது அமிர்தத்தின் வீடு.

அமிர்தத்தை முதலில் சாந்தமே உருவானவளாக எழுதினேன். தரங்கம்பாடியில் பாதிரிமார் நடத்திய விடுதியில் பின்னல் கற்றவள், அங்கே ஒதுக்கிப் போட்ட யந்திரத்தோடு கல்யாணமாகி வந்தவள், அதிர்ந்து பேசாதவள். அப்படி இரண்டு பக்கம் எழுதினேன். கதை நகரவே இல்லை. யந்திரத்தில் பிரீவீல் மாட்டுகிற தைரியம் அதிர்ந்து பேசாதவளுக்கு எங்கிருந்து வரும்? கிழித்துவிட்டு, அவளுக்குக் கொஞ்சம் என் குணத்தைக் கொடுத்தேன்.

"இந்தக் காலுக்கு ஒண்ணு பின்னித் தருவியாம்மா?" காத்தாயி சேலையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள்.

அமிர்தம் குனிந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. "இந்த ஜில்லாவுல என்னை விட்டா இதுக்கு ஆள் கிடையாதுக்கா."

"நீயும் இன்னும் பின்னலியே."

அந்த இடத்தில் எனக்கு இரண்டு பேரையும் பிடித்துவிட்டது.

5

யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.*

ஒவ்வொரு ஊசிக்கும் நுனியில் ஒரு கொக்கி, கொக்கியை மூட ஒரு சின்ன நாக்கு. கைப்பிடியைச் சுற்றினால் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நூலைப் பிடித்து, பழைய கண்ணிக்குள் புதுக் கண்ணியை இழுத்துக்கொண்டு இறங்கும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு பெரிய கண்ணி. கண்ணி பெரிதானால் தளர்ச்சி, சிறிதானால் இறுக்கம். அந்த ஆழத்தை ஒரு திருகாணி தீர்மானிக்கிறது; முடுக்கினால் ஆழம் குறையும். சுற்றிச் சுற்றிக் குழாயாக இறங்குவதால் தையலுக்கே இடமில்லை.

(* பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் கதாநாயகி ஒரு பக்கத்துக்குக் கூந்தலை முடிந்தால் பொறுமையாகப் படிக்கிறீர்கள் அல்லவா?)

அமிர்தம் முதல் உறையைத் தனக்குத் தெரிந்த வழியில் பின்னினாள். பள்ளிக்கூட சாக்ஸ் நழுவாமலிருக்க மேல் விளிம்பு இறுக்கமாக இருக்கும், கீழே தளர்வாக இருக்கும். அதையே பெரிதாகச் செய்தாள். சாக்ஸ் பின்னுகிற எவரும் செய்யக்கூடிய தப்பு. நானும் அதையேதான் செய்திருப்பேன்.

மறுநாள் காத்தாயி நொண்டிக்கொண்டே வந்து உறையை யந்திரத்தின் மேல் விட்டெறிந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் முன்னைவிட வீங்கிப் பளபளத்தது.

"யாரைக் கொல்லப் பாத்தே?"

"மேல இறுக்கிப் பிடிக்காட்டி சாக்ஸ் நிக்காதுக்கா. எல்லா சாக்ஸும் அப்படித்தான்."

"எல்லாரு காலும் இப்படியா இருக்கு? வடிவாய்க்கால் வாயில கட்டையப் போட்டு அடைச்சுட்டு, வயல்ல ஏன் தண்ணி நிக்குதுன்னு கேட்டா? கீழ இறுக்கு. மேல போகப் போக விட்டுக்கொடு. தண்ணி தானா வடியும்."

அமிர்தத்துக்குக் கோபம் வந்தது. தன் யந்திரத்தைப் பற்றி இன்னொருத்தி சொல்லி, அது சரியாகவும் இருந்துவிட்டால் யாருக்குத்தான் வராது? அன்று முழுக்கக் காத்தாயியைத் திட்டிக்கொண்டே அவள் சொன்னபடி பின்னினாள். மேலே தளர்வாக ஆரம்பித்து, கொஞ்சம் பின்னி, நிறுத்தி, திருகாணியை முடுக்கி, மறுபடி பின்னினாள். உறை நன்றாகத்தான் வந்தது. ஆனால் திருகாணியை முடுக்கிய இடத்திலெல்லாம் ஒரு வரம்பு, மேடு தட்டிய கோடு. போட்டுக் கழற்றினால் காலில் வளையல் வளையலாகத் தடம். அந்தத் தோலுக்கு வரம்பும் தையலும் ஒன்றுதான்.

வரம்பு விழக்கூடாது என்றால் இறுக்கம் ஒரேயடியாக ஏறக் கூடாது. சுற்றுக்குச் சுற்று, தெரியாத அளவில் ஏற வேண்டும்.

இந்த யோசனை நிறைவேறிய விதத்தைப் பல மாதிரி எழுதிப் பார்த்தேன். "கோயில் தேரின் சக்கரத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று—" என்று ஒரு தடவை. ஃபிட்டர் என்ற முறையில் சொல்கிறேன், யாருக்கும் எதுவும் சட்டென்று வருவதில்லை. எரிச்சலில்தான் வரும். எனவே எரிச்சலையே எழுதினேன்.

அமிர்தம் கைப்பிடியைச் சுற்ற, காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுக்கு ஒரு தரம் திருகாணியைத் துளி முடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. காத்தாயி மிராசுதாரை வைதுகொண்டே முடுக்கினாள். வசவு சூடு பிடித்ததும் முடுக்க மறந்தாள். பிறகு மறந்ததற்கும் சேர்த்து முடுக்கினாள். வரம்பு விழுந்தது.

"பேசாம முடுக்குங்கக்கா!"

"பேசாம இருக்க நான் என்ன மிஷினா?"

அமிர்தம் கைப்பிடியை விட்டாள். யந்திரத்தைப் பார்த்தாள். காத்தாயியைப் பார்த்தாள். உறையை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு, ஜெய்னுலாபுதீன் சைக்கிள் கடைக்கு நடந்தாள்.

ஜெய்னுலாபுதீன் அதிராம்பட்டினத்திலிருந்து வந்து கடை போட்டவர். "அண்ணே, ஒரு சுத்துக்கு ஒரு பல்லு நகரணும், அந்த மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டதும் அவர் எதற்கு என்று கேட்கவில்லை. கதையில் எனக்குப் பிடித்த மனிதர்களில் ஒருவர். முதலில் ஒரு சாதாரணப் பல்சக்கரத்தைக் கொடுத்தார். கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் வளையத்தில் ஒரு முளை வைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முளை வந்து ஒரு பல்லைத் தட்டியது, திருகாணி துளி இறுகியது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை வழவழவென்று வந்தது.

குதிகாலில் கவிழ்ந்தது. குதிகாலை வட்டமாகப் பின்ன முடியாது. பாதி ஊசிகளைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். பின்னால் வரும்போது முளை பல்லை எதிர்ப்பக்கம் தட்டியது, சேர்ந்த இறுக்கம் கழன்றது. அமிர்தம் மறுபடி கடைக்குப் போனாள். "முன்னால போனா பிடிக்கணும், பின்னால வந்தா சும்மா போவணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஜெய்னுலாபுதீன் சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஆணியில் பிரீவீல்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

சொல்கிறேன், கேளுங்கள். நான் வெளிநாட்டு யந்திரங்களைப் பிரித்து மாட்டியவன். பக்கம் பக்கமாகப் படம் போட்ட கையேடுகளோடு வந்த யந்திரங்கள். அவற்றின் முன் நிற்கும்போது எனக்கு மரியாதை வந்திருக்கிறது. அந்த இரும்புக் கடையில் வந்தது மரியாதை இல்லை, பெருமை. இதைச் செய்தவள் எங்கள் தொழில்காரி என்று ரோட்டில் போகிறவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி, விரல் முனை. காலுறையில் கடைசியாக மிஞ்சுகிற தையல் அங்கேதான் இருக்கிறது. அதை ஒழிக்க நாங்கள் திருப்பூரில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அமிர்தமும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"விரலை எதுக்கு மூடறே? சேத்தைப் பிடிக்கறது விரல்தானே" என்றாள் காத்தாயி.

அமிர்தம் முனையே இல்லாமல் முடித்துவிட்டாள். விரல்கள் வெளியே வந்தன.

6

காத்தாயி உறையைப் போட்டுக்கொண்டே திரிந்தாள். கால் சிறுத்துவிடவில்லை. இந்தக் கதையில் அற்புதம் எதுவும் நடக்காது. கால் மடங்கியது, அவ்வளவுதான். அவள் கேட்டதும் அதுதான்.

நடவு நாள். வரப்பில் பதிவு அலுவலர் நாகநாதன். சேறு படாமலிருக்க ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார். குடையும் மூக்குக் கண்ணாடியுமாக மிராசுதார் தியாகேசன், குடைக்கு வெளியே துரைக்கண்ணு. வயலில் நடவுப் பெண்கள் நாற்று முடிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். வலது காலில் முழங்கால்வரை வெள்ளை உறை. அமிர்தம் பின்னால் நின்றாள்.

துரைக்கண்ணு முதலில் பார்த்தார். "சார், காலைப் பாருங்க. கலெக்டர் கணக்கா சாக்ஸ் போட்டுக்கிட்டு நடவுக்கு வர்றா!"

தியாகேசன் அவரைக் கையமர்த்தினார். அவரை நான் முட்டாளாக எழுத விரும்பவில்லை. "சார், நான் பொல்லாப்புக்குச் சொல்லலை. அந்தக் கால் சேத்துல இறங்காதுன்னு மனுக் குடுத்திருக்கேன். இப்ப இறங்கப் போறது காலா, சாக்ஸா? சொந்த உழைப்புன்னுதானே சட்டம்? அதைக் கழட்டிட்டு இறங்கட்டும். நானே பதிஞ்சுக்கச் சொல்றேன்."

அலுவலர் யோசித்தார். "ஆட்சேபம் நியாயமாத்தான் படுது. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

நான் இங்கே மாட்டிக்கொண்டேன். நானே எழுதிக் கொடுத்த வாதம், எனக்கே பதில் தெரியவில்லை. "காத்தாயி குனிந்து உறையின் விளிம்பைப்—" என்று ஒரு வாக்கியம் இன்னும் அப்படியே நிற்கிறது. கழற்றச் சொல்லி, இறக்கி, மயங்கி விழவைக்கலாம். ஆசிரியரின் நெஞ்சு குலுங்கும். விவசாயச் சங்கத்து ஆட்களைக் கோஷத்தோடு வரவழைக்கலாம். ஆனால் அவர்கள் அன்று வேறு ஊரில் வேறு வயலில் நின்றிருப்பார்கள், அங்கே நிலைமை இதைவிட மோசம். பேனாவை மூடிவிட்டு வெளியே போய் வந்தேன். வந்து உட்கார்ந்ததும் காத்தாயியே பேசினாள்.

"ஐயா மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு அந்த மனுவப் படிக்கட்டும் சார். ஒரு வரி படிச்சுட்டாருன்னா, நானும் இதைக் கழட்டிட்டு இறங்கறேன்."

நடவுப் பெண்கள் பக்கம் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தியாகேசனின் கை கண்ணாடிவரை போய்த் திரும்பியது. அலுவலர் இருமிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

காத்தாயி இறங்கினாள். சேறு உறையைக் கண நேரத்தில் கறுப்பாக்கியது. ஒரு நாற்று முடியை இடது கையில் வாங்கி, குனிந்து, பின்னால் நடந்துகொண்டே நட்டாள். யானைக்கால் ஒவ்வொரு முறையும் சேற்றைவிட்டுக் கிளம்பியது, மடங்கியது, மறுபடி ஊன்றியது. வெளியே நீண்ட விரல்கள் சேற்றைப் பிடித்தன.

"குதிகால்ல உறை உருளுதாக்கா?" வரப்பிலிருந்து அமிர்தம் கத்தினாள். அவளுக்கு அலுவலரும் மிராசுதாரும் கண்ணில் படவே இல்லை.

"இல்லடீ! கத்தாதே!"

காத்தாயி எதிர் வரப்புவரை நட்டு நிமிர்ந்தாள். எழுதிக்கொண்டிருந்த நானும் நிமிர்ந்தேன்.

7

இனி முடிவு. பெயர் ஏறியது என்று எழுதலாம். எனக்கு ஆசைதான். மேல் முறையீடு, இழுத்தடிப்பு, கடைசியில் நிலம் போயிற்று என்றும் எழுதலாம். அப்படிப் போனவர்கள் உண்டு. இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். நான் யந்திரக்காரன். குதிகால் உருளவில்லை என்பதுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்கு மேல் அலுவலரின் பேனா.

அந்தப் பேனா திறப்பதற்குச் சற்று முன்னால் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாகநாதன் வரப்பில் வெறுங்காலோடு நின்றிருந்தார். அமிர்தம் மனிதர்களைக் காலிலிருந்துதான் பார்ப்பாள். அவர் சுண்டுவிரலில் சாக்ஸ் தையல் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தது. அவளுடைய பார்வையை அவரும் கவனித்துவிட்டார்.

"இந்த உறையை யாரும்மா பின்னியது?"

"நான்தாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இந்தத் தையல் ரொம்ப நாளா குத்திக்கிட்டே இருக்கு. ஒரு ஜோடி பின்னித் தர முடியுமா?"

"முதல்ல எழுதுங்க சார்," என்றாள் அமிர்தம். "அப்பறமா காலக் காட்டுங்க."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தப் பேனாவைத்தான் இப்போது உங்களிடம் கொடுக்கிறேன். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அமிர்தம் பக்கத்திலேயே நிற்கிறாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.